நாய் இருக்கும் வீட்டில் தரை கெட்டால்: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

எங்கள் வீடு மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. தாத்தா காலத்துக் கூடத்தில் ரெட் ஆக்சைடு போட்ட காவித் தரை, பின்னால் சேர்த்த இரண்டு அறைகளில் பளபளக்கும் டைல்ஸ், கொல்லைத் தாழ்வாரத்தில் வெறும் சிமெண்ட். இந்த மூன்றிலும் ஏழு வருடமாக ஒரு நாட்டு நாய் நடக்கிறது, ஓடுகிறது, சமயத்தில் சறுக்கி விழுகிறது. எந்தத் தரை தாங்கும், எது தாங்காது என்பதை அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"வீட்ல நாய் இருக்கு, என்ன தரை போடலாம்?" என்று யாராவது கேட்டால், இப்போதிருக்கும் தரை என்ன செய்கிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். வழுக்குகிறதா, நாறுகிறதா, உப்புப் பூக்கிறதா, டைல் கிளம்புகிறதா? பழி எப்போதும் நாய் மேல்தான் விழுகிறது. விசாரித்துப் பார்த்தால் தரைக்கு அடியில் ஈரம் இருக்கும், காலில் ஒட்டி வந்த மணல் இருக்கும், இல்லாவிட்டால் கொத்தனார் விட்ட குறை இருக்கும். அது தெரியாமல் உடைத்துப் புதுத் தரை போட்டால் அதே கோளாறு அங்கேயும் வந்து உட்காரும். ஆகவே உங்கள் வீட்டில் என்ன நடக்கிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடுங்கள்.

நாய் வழுக்குகிறது, எழுந்திருக்கத் தடுமாறுகிறது

முதலில் நாயின் காலைப் பாருங்கள், தரை அப்புறம். நடக்கும்போது டக் டக் என்று நகச் சத்தம் கேட்டால் நகம் வளர்ந்துவிட்டது என்று அர்த்தம். நாய்க்குப் பிடிமானம் தருவது பாதத்தின் அடியில் இருக்கும் மெத்தென்ற பகுதி. நகம் நீண்டால் அந்தப் பகுதி தரையில் சரியாகப் பதியாது. சிமெண்டிலும் ரோட்டிலும் திரியும் நாய்க்கு நகம் தானாகத் தேயும். டைல்ஸ் போட்ட அறைக்குள்ளேயே வளரும் நாய்க்குத் தேயாது, வெட்டித்தான் விட வேண்டும். வெள்ளை நகமாக இருந்தால் உள்ளே ரத்தம் ஓடும் இடம் இளஞ்சிவப்பாகத் தெரியும், அதற்கு முன்னால் நிறுத்திக்கொள்ளலாம். கறுப்பு நகத்தில் ஒன்றும் தெரியாது. நுனியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். பாமரேனியன் மாதிரி முடி அடர்ந்த வகைகளுக்கு விரல் இடுக்கில் வளரும் முடியையும் கத்தரிக்க வேண்டும்.

கால் சரியாக இருந்தால் தரையின் மேல் என்ன படிந்திருக்கிறது என்று பாருங்கள். எங்கள் கூடத்தில் வருடா வருடம் பொங்கலுக்கு முன்னால் அம்மா காவித் தரைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்ப்பார். தரை கண்ணாடி மாதிரி மின்னும். அடுத்த நாலு நாள் நாய் கூடத்துப் பக்கமே வராது. "எண்ணெயைக் கொஞ்சம் குறைச்சுக்கலாம்மா" என்றேன். "ஏன், உன் நாய்க்காக நான் தரையை வெளுக்க விடணுமா?" என்றார். கடைசியில் எண்ணெய் தேய்த்த மறுநாள் காய்ந்த பருத்தித் துணியால் இரண்டு தடவை அழுத்தித் துடைப்பது என்று முடிவானது. இப்போது மினுமினுப்பும் இருக்கிறது, நாயும் வருகிறது. டைல்ஸிலும் இதே கதைதான். தரை துடைக்கும் திரவத்தை மூடி மூடியாக ஊற்றினால் சோப்புப் படலம் தங்கிவிடும். ஒரு வாரம் வெறும் தண்ணீரில் துடைத்துப் பாருங்கள். பல வீடுகளில் வழுக்கல் அதிலேயே பாதி அடங்கும்.

அப்படியும் அடங்கவில்லை என்றால் டைல்ஸின் பளபளப்புதான் காரணம். அதற்காக வீடு முழுக்க உடைக்க வேண்டாம். நாய் ஓரிரு நாள் எங்கே எழுந்திருக்கிறது, எங்கே திரும்புகிறது, எங்கே பாய்ந்து ஓடுகிறது என்று கவனியுங்கள். வாசற்படி, சாப்பாட்டுக் கிண்ணம், படுக்கும் மூலை என்று நாலைந்து இடம்தான் தேறும். அங்கே மட்டும் விரிப்பு போட்டால் போதும். நம் பக்கத்தில் நெல் சாக்குக்குப் பஞ்சமில்லை. துவைத்த சணல் சாக்கை மடித்துப் போடலாம். ஆனால் பளபளப்பு டைலில் சாக்கே சறுக்கும். அடியில் ரப்பர் வலை ஒன்று வைத்தால் நகராது. லாப்ரடார் மாதிரி கனமான, இடுப்பு மூட்டுக் கோளாறு வரக்கூடிய இனங்களுக்கும், வயதான நாய்க்கும், குட்டிக்கும் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

புது டைல் வாங்குவதாக இருந்தால் பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் கேளுங்கள். வழுக்காத தன்மைக்கு ஆர் 9 முதல் ஆர் 13 வரை ஒரு அளவு உண்டு, எண் ஏற ஏறப் பிடிமானம் கூடும். வீட்டுக்குள் ஆர் 10, மழைத் தண்ணீர் படும் தாழ்வாரத்துக்கு ஆர் 11 என்று வைத்துக்கொள்ளலாம். பெட்டியில் அது இல்லாவிட்டால் கடைக்காரரிடம் ஒரு டைலைத் தரையில் போடச் சொல்லி, தண்ணீர் தெளித்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலால் இழுத்துப் பாருங்கள். கடையில் நாலு பேர் பார்ப்பார்கள், பார்க்கட்டும். அதற்காக உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாகவும் எடுத்துவிடாதீர்கள். அழுக்கு அடையும், துடைக்கிறவர் திட்டுவார்.

தரை முழுக்கக் கீறல்

இங்கே நாய்க்காக நான் வாதாடுகிறேன். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் நகம் சுமார் இரண்டரை. மார்பிள் 3, கண்ணாடி ஐந்தரை, கிரானைட் 6க்கும் 7க்கும் இடையில். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. அதாவது நாய் நகத்தால் கிரானைட்டிலோ நல்ல டைலிலோ கோடு போட முடியாது. அதன் பாதத்தில் ஒட்டி வரும் ஆற்று மணலால் முடியும். வாய்க்கால் கரையில் திரிந்துவிட்டு வரும் எந்தக் காலும், மனிதன் கால் உட்பட, அந்த வேலையைச் செய்யும்.

எனவே வாசலில் தேங்காய் நார் மிதியடி ஒன்று, உள்ளே துணி மிதியடி ஒன்று, பக்கத்தில் கால் துடைக்க ஒரு பழைய துண்டு. கூட்டிவிட்டுத்தான் துடைக்க வேண்டும். மணலோடு சேர்த்துத் துடைப்பது தரைக்கு உப்புத்தாள் போடுவதற்குச் சமம்.

கீறல் என்று நினைத்துச் சாம்பல் நிறக் கோடுகளைக் காட்டுகிறவர்களும் உண்டு. அது பெரும்பாலும் சங்கிலியும் அலுமினியக் கிண்ணமும் இழுபட்டதால் டைல் மேல் ஒட்டிய உலோகத் தடம். பற்பசை வைத்துத் தேய்த்தால் போய்விடும். போகவில்லை, விரலால் தடவினால் பள்ளம் தட்டுகிறது என்றால் அது நிஜக் கீறல்.

வாங்கும்போது டைலின் ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள். மேலே மட்டும் மெல்லிய அச்சுப் படலம் இருந்தால் அது தேய்ந்ததும் அடியில் வேறு நிறம் தெரியும். டபுள் சார்ஜ் என்ற வகையில் நிறம் மூன்று நான்கு மில்லிமீட்டர் ஆழம் வரை போகும். ஃபுல் பாடி என்றால் அடி வரை ஒரே நிறம். விலை கொஞ்சம் கூடினாலும் நாய் ஓடும் கூடத்துக்கு இந்த இரண்டில் ஒன்றுதான் என் தேர்வு. மரத்தூள் பலகையில் செய்த லேமினேட் வேண்டாம். கீறலை விடுங்கள், தண்ணீர் பட்டால் ஊதிவிடும்.

எவ்வளவு துடைத்தாலும் மூத்திர வாடை

இதுதான் பெரிய தலைவலி, இதில்தான் மருந்தே நோயாகவும் மாறுகிறது.

புது மூத்திரத்தில் வாடை அதிகம் இருக்காது. அதிலுள்ள யூரியாவைக் கிருமிகள் உடைத்து அம்மோனியாவாக்கும்போதுதான் மூக்கைத் துளைக்கும். காய்ந்துபோன உப்பு, காற்றில் ஈரம் ஏறும்போது மறுபடி நனைந்து வாடை விடும். சித்திரையில் ஒன்றும் தெரியாத அறை ஐப்பசி மழையில் நாறுவது இதனால்தான். நாய் புதிதாக ஒன்றும் செய்திருக்காது.

இடத்தைக் கண்டுபிடியுங்கள். கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கு ஒன்று வாங்கி, ராத்திரி அறையை இருட்டாக்கி அடித்தால் பழைய மூத்திரத் தடம் மங்கிய மஞ்சள் பச்சையாகத் தெரியும். எங்கள் வீட்டில் நான் சந்தேகப்பட்டது நடு அறையை. விளக்கு காட்டியது கதவு நிலைக்கு அடியில் ஒரு சாண் ஸ்கர்ட்டிங்கை, அதாவது சுவரடியில் ஓடும் டைல் பட்டையை.

டைலின் முகத்தில் மட்டும் பட்டிருந்தால் கவலை இல்லை. கண்ணாடி மாதிரி இறுகும்வரை சுட்ட விட்ரிஃபைடு டைல் தன் எடையில் 0.5 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் தண்ணீர் குடிக்கும். குடிப்பது டைல்களுக்கு இடையே இருக்கும் சிமெண்ட் பூச்சு. கால்நடை மருந்துக் கடையிலோ நாய்ச் சாமான் கடையிலோ என்சைம் கலந்த கிளீனர் கேட்டு வாங்குங்கள். இடுக்கு நனையும்படி ஊற்றி, குறைந்தது கால் மணி நேரம் ஈரமாகவே விட்டு, அப்புறம் துடையுங்கள். ஊற்றிய கையோடு துடைத்துவிட்டு "வேலை செய்யல" என்று சொல்வதுதான் பொதுவான தவறு. அது கையில் இல்லாத அன்றைக்கு ஆப்பசோடாவைக் குழைத்து இடுக்கில் தேய்க்கலாம், ஓரளவு தணியும்.

செய்யக்கூடாதவை சில இருக்கின்றன. ஆசிட் ஊற்றாதீர்கள், அது சிமெண்ட் இடுக்கைத் தின்னும், அடுத்த தடவை மூத்திரம் இன்னும் ஆழமாகப் போகும். பிளீச்சிங் பவுடரை மூத்திரத்தின் மேல் போட்டால் அம்மோனியாவோடு சேர்ந்து நச்சு வாயு கிளம்பும். ஆசிட்டோடு சேர்ந்தால் குளோரின் வாயுவே வரும். அம்மோனியா கலந்த கிளீனர் நாய்க்கு மூத்திரம் மாதிரியே மணக்கும், திரும்பவும் அங்கேயே காலைத் தூக்கும். ஃபினாயில் நாய்க்கு ஆகாது. பாதத்தை நக்கும் பழக்கம் இருப்பதால் தரையில் இருப்பதெல்லாம் அதன் வயிற்றுக்குப் போகிறது.

மூன்று தடவை செய்தும் வாடை போகவில்லை என்றால் அந்தப் பகுதியின் இடுக்குப் பூச்சை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு, எபாக்சி கிரவுட் என்ற பிசின் பூச்சு போடச் சொல்லுங்கள். அது தண்ணீர் குடிக்காது. சாதா கிரவுட்டைவிட விலை அதிகம், கையும் சீக்கிரம் ஓட வேண்டும், அதனால் பழகிய ஆள் தேவை. புதுத் தரையிலும் எல்லா அறைக்கும் கட்டுப்படியாகாவிட்டால் நாய் இருக்கும் அறைக்கு மட்டுமாவது போடுங்கள். டைலுக்கு அடியிலேயே இறங்கியிருந்தால் மட்டும் அந்த இரண்டு மூன்று டைலை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

கல் தரையில் மங்கலான வெள்ளைத் தடம்

மார்பிள், கடப்பா, கோட்டா எல்லாம் சுண்ணாம்புச் சத்துள்ள கற்கள். அமிலம் பட்டால் மேல்பரப்பு அரிக்கும். துடைத்துப் போகாது, பாலிஷ்தான் போட வேண்டும். வினிகர், எலுமிச்சை வைத்தியத்தை இந்தக் கற்களில் முயற்சிக்காதீர்கள். கிரானைட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.

தரை ஈரமாக இருக்கிறது, உப்புப் பூக்கிறது

நாய் படுத்த இடம் ஈரம் என்று சொல்வார்கள். நாய் எழுந்து போன பிறகும் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

சோதனை எளிது. இரண்டு அடிக்கு இரண்டு அடி பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து, நாலு ஓரத்தையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். நாயை அந்த அறைக்குள் விடாதீர்கள், கிழித்துவிடும். ஒரு முழு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் மேல்பக்கம் ஈரம் என்றால் அது காற்றில் இருந்த ஈரம் குளிர்ந்த தரையில் படிந்தது. ஜன்னலைத் திறந்து ஃபேன் போட்டால் சரியாகிவிடும். அடிப்பக்கம் முத்து முத்தாக நின்றால் மண்ணிலிருந்து ஏறுகிறது.

இந்தச் சோதனையை எப்போது செய்கிறீர்கள் என்பதில்தான் டெல்டாக்காரர்கள் ஏமாறுகிறோம். சித்திரையில் செய்தால் எல்லாத் தரையும் காய்ந்தே இருக்கும். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12 வாக்கில் திறந்து, வாய்க்காலில் தண்ணீர் ஓடி, வயல் நிறைந்து, அதன் மேல் அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையும் இறங்கின பிறகு பார்க்க வேண்டும். வெயில் காலத்தில் பார்த்துவிட்டு வினைல் ஷீட் ஒட்டிய உறவினர் வீட்டில், கார்த்திகையில் ஷீட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. மேலே நாய் ஓட, அடியில் சதக் சதக் என்று சத்தம். பசை விட்டுப்போய்ப் பூஞ்சை பிடித்திருந்தது.

உப்பு இரண்டு வழியில் வரும். கலவைக்குப் போட்ட மணலிலேயே உப்பு இருந்தால் முதல் ஓரிரு வருடம் பூத்துப் பூத்துக் குறைந்துவிடும். மண்ணிலிருந்து வந்தால் வருடந்தவறாமல் மழைக்குப் பின் பூக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் நிலத்தடி நீரே உவர்ப்பு என்பதால் இரண்டாவதுதான் அதிகம். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து உள்ளே போய் மறுபடி வரும். காய்ந்த பிரஷால் கூட்டி அள்ளிவிடுங்கள். நாய் அதை நக்கும், அதற்காகவும் அள்ள வேண்டும்.

நிலையான தீர்வு தரையை மாற்றும்போதுதான் கிடைக்கும். வயல் களிமண்ணை எடுத்து உள்ளே நிரப்பாதீர்கள். கோடையில் வயல் எப்படிப் பாளம் பாளமாக வெடிக்கிறதோ அதே வேலையை வீட்டுக்கு அடியிலும் அது செய்யும். மணல் நிரப்பி, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இறுக்கி, கனமான பாலித்தீன் விரித்து, சுவர் ஓரத்தில் கொஞ்சம் மேலேற்றி விட்டு, அதன் மேல் ஜல்லி கான்கிரீட் போட்டால் ஈரம் அடங்கும். பேஸ்மட்டம் தாழ்ந்த பழைய வீடுகளில் இவ்வளவும் செய்ய முடியாமல் போகலாம். அங்கே மூச்சுவிடும் தரையே நல்லது: சிமெண்ட், காவி, ஆத்தங்குடிக் கல். ஈரம் ஏறினாலும் உலர்ந்துவிடும், கொப்புளிக்காது.

தட்டினால் டொக்கு, ஓடினால் டைல் ஆடுகிறது

காசு ஒன்றை எடுத்து ஒவ்வொரு டைலிலும் நாலு மூலை, நடு என்று தட்டுங்கள். கெட்டிச் சத்தம் சரி. டொக்கு டொக்கு என்றால் அடியில் காலி. நாய் குதித்து டைல் பெயராது. அது ஏற்கெனவே ஒட்டாமல் இருந்திருக்கும்.

விட்ரிஃபைடு தண்ணீர் குடிக்காது என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்த நல்ல குணமே இங்கே தொல்லை. பழைய முறையில் சிமெண்ட் பால் ஊற்றி வைத்தால் அதைப் பிடித்துக்கொள்ளும் துளை அதில் இல்லை. டைல் ஒட்டும் பசைதான் போட வேண்டும், அதுவும் பல் கரண்டியால் முழுப் பரப்பிலும் சீவி. எங்கள் கொத்தனார், "தம்பி, நாப்பது வருசமா சிமெண்ட்லதான் வைக்கிறேன்" என்றார். அவர் வைத்ததில் பெரும்பகுதி செராமிக்கும் மொசைக்கும். அவற்றுக்கு அவர் சொன்னது சரிதான்.

டைல்களுக்கு நடுவே ஸ்பேசர் என்ற சின்னத் துண்டு வைத்து இரண்டு மில்லிமீட்டராவது இடைவெளி விடச் சொல்லுங்கள், சுவரோரத்திலும் விடச் சொல்லுங்கள். இடுக்கே தெரியாமல் முட்டி வைத்தால் பங்குனி வெயிலில் டைல் விரிய இடமில்லாமல் கூடாரம் மாதிரி எழும்பும். ஒன்றிரண்டு டொக்கு மட்டும் இருந்தால், ஆடாதவரை விட்டுவிடலாம். ஓரம் உடைந்து கூராக நின்றால் பாதம் கிழியும். அன்றைக்கே எடுத்து மாற்றுங்கள்.

உண்ணி ஒழியவில்லை

நாய்க்கு மருந்து போட்டும் திரும்பத் திரும்ப வந்தால் தரை விரிசலையும் ஸ்கர்ட்டிங் இடுக்கையும் பாருங்கள். பழுப்பு நாய் உண்ணி வீட்டுக்குள்ளேயே, இந்த மாதிரி பிளவுகளில்தான் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வெள்ளை சிமெண்ட் வைத்து அடைத்துவிடுங்கள். மண்ணெண்ணெய் தெளிக்கிற பழக்கம் வேண்டாம்.

முழங்கையில் காய்ப்பு

கெட்டித் தரையில் படுத்துப் படுத்து வருவது. சிப்பிப்பாறை, ராஜபாளையம் மாதிரி எலும்பும் தோலுமான வகைகளுக்குச் சீக்கிரம் வரும். தரையை மாற்றி லாபமில்லை, தடியான படுக்கை போடுங்கள். வீங்கி நீர் கோத்திருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாற்றியே தீர வேண்டும் என்றால்

கையில் காசு குறைவு, நல்ல கொத்தனார் இருக்கிறார் என்றால் சிமெண்ட் தரையோ காவித் தரையோ போடுங்கள். பிடிமானம் உண்டு, நகமும் தேயும். ஆனால் போட்டபின் ஒரு வாரமாவது ஈரம் காயாமல் தண்ணீர் கட்ட வேண்டும். அதில் கஞ்சத்தனம் செய்தால் மயிரிழை விரிசல் வரும், காவியில் ஒட்டுப் போட்டால் ஒட்டாகவே தெரியும். நடுத்தரச் செலவு என்றால் மேட் விட்ரிஃபைடு, பசையில் ஒட்டி, நாய் அறைக்கு எபாக்சி இடுக்கு. என் ஓட்டு இதற்குத்தான். கிரானைட் தலைமுறைக்கு நிற்கும், ஆனால் பாலிஷ் போட்டது நாய்க்குப் பனிக்கட்டி மாதிரி. தோல் மாதிரி லேசாகச் சொரசொரக்கும் லெதர் ஃபினிஷ் கேளுங்கள். வெயில் படும் முற்றத்துக்குக் கறுப்புக் கல் வேண்டாம். புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள், உங்களால் வைக்க முடியாத இடத்தில் நாயும் கால் வைக்க முடியாது.

கணக்கு இப்படி. 12க்கு 14 அறை 168 சதுர அடி. இரண்டடி டைல் என்று சொல்வது உண்மையில் 600 மில்லிமீட்டர், ஒன்று 3.87 சதுர அடிதான் வரும். நாலு டைல் கொண்ட பெட்டி 15.5 சதுர அடி. 11 பெட்டி அறைக்குச் சரியாக இருக்கும், வெட்டுச் சேதத்துக்கு இன்னொன்று, ஆக 12. எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண்ணும் ஷேட் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று வண்டியில் ஏற்றும் முன்பே பாருங்கள். மிஞ்சிய நாலைந்து டைலைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். அடுத்த வருடம் அதே நிறம் கிடைக்காது. எங்களுடையது பத்தாயத்துக்குப் பின்னால் நிற்கிறது. இதுவரை இரண்டு எடுத்தாயிற்று.